துப்பாக்கிக்கும் குண்டுக்கும் பொருத்தம் பார்த்தீர்களா?

மெரினா கடற்கரைக்குப் போன நம்மவர்களில் ஒருமுறையாவது பலூன் சுடாதவர்கள் குறைவு. பலகையில் வரிசையாகக் கட்டிய சிவப்பு, மஞ்சள் பலூன்கள். கயிறு சுற்றிய பழைய ஏர் கன். பத்துக் குண்டுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. பத்தில் ஏழு பலூனைத் தாண்டிப் பலகையில் போய் விழும். "நமக்குக் குறி வராதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சுண்டல்காரரைத் தேடிப் போய்விடுவோம். துப்பாக்கி சரியில்லையா, குண்டு சரியில்லையா, கை சரியில்லையா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. கடற்கரையில் அது போகட்டும். வீட்டில் ஒரு குழந்தை அதே வார்த்தையைச் சொல்லி அழும்போது யோசிக்காமல் இருக்கலாமா?

சென்ற ஆண்டு என் வீட்டில் அதுதான் நடந்தது. நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். உடனே நான்கு பெற்றோர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "எங்க பையனும் சுடறான் சார், எந்தக் குண்டு வாங்கணும்?" என்று கேட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. ஆகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து 1979-ல் புனே வந்து, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்து, 2014-ல் ஓய்வு பெற்றவன். நம்மவர் இன்னும் 'கிர்க்கி ஃபாக்டரி' என்றே சொல்லும் அதே இடம்தான். 1869-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. 2021-ல் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபின் அது 'மியூனிஷன்ஸ் இந்தியா' நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. அங்கே என் வேலை பரிசோதனைப் பிரிவில். குண்டை எடை போடுவது, அளப்பது, ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகிறது என்று எழுதி வைப்பது. முப்பத்தைந்து ஆண்டு இதைச் செய்தவனின் வீட்டிலேயே இந்தத் தவறு நடந்தது என்பதுதான் வேடிக்கை.

பேத்திக்கு வந்த துப்பாக்கி

பேத்திக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் ஒரு முகாம் நடத்தி, ஏர் ரைஃபிளைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததிலிருந்து அதே பேச்சு. புனேயில் இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. 1994-ல் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த பாலேவாடி வளாகம் நமக்கு ஒரு பஸ் தூரம்தான். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2011-ல் அங்கேதான் தம் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். மத்திய ரயில்வேயில் புனேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஸ்வப்னில் குசாளே 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியதும் இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் துப்பாக்கிக் கனவு வந்துவிட்டது.

மருமகளுக்கு இதில் இஷ்டமில்லை. "பாட்டு கிளாஸ் போயிட்டிருந்தவளுக்குத் துப்பாக்கி எதுக்கு மாமா?" என்று என்னிடம் முறையிட்டாள். மகன் மட்டும் உற்சாகமாக இருந்தான். ஒலிம்பிக்கில் சுடுகிற வெளிநாட்டுத் துப்பாக்கி லட்சக் கணக்கில் விலை. நம் நாட்டிலேயே செய்த, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ரகம் ஒன்றைப் பதினோராயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தான். அதில் தவறே இல்லை; தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் கடைக்காரர், "இது ஹெவி குண்டு, கூர் முனை, வேட்டைக்கே போதும், பவர் ஜாஸ்தி" என்று சொல்லிக் கொடுத்த டப்பாவைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டான். ஒவ்வொன்றும் 10.5 கிரெயின்.

நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேத்தியின் முகத்திலிருந்த மகிழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மூன்று மாதம் குழந்தை பயிற்சிக்குப் போனாள். பத்துக் குண்டுக்கு நூறு மதிப்பெண். அவளுக்கு வந்தது 55, 61, 58. அதே நாளில் சேர்ந்த பிள்ளைகள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தவள் துப்பாக்கிப் பையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, "தாத்தா, எனக்கு வரலை. விட்டுடறேன்" என்றாள். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே பாட்டு டீச்சருக்கு போன் போனது.

அவள் சுட்ட அட்டைகளை வாங்கிப் பார்த்தேன். அதில் ஒன்று எனக்கு உறுத்தியது. கை நடுங்குகிற பிள்ளையின் அட்டையில் துளைகள் எல்லாப் பக்கமும் இறைந்து கிடக்கும். இவள் அட்டையில் ஐந்து துளை நெருக்கமாக, பிறகு இரண்டு வெகுதூரம் தள்ளி, மறுபடி மூன்று நெருக்கமாக இருந்தன. இது கையின் குற்றம் போலத் தெரியவில்லை.

பவுனும் கிரெயினும்

முதலில் இந்தக் 'கிரெயின்' என்ன என்று சொல்லிவிடுகிறேன். குண்டின் எடையைப் பெரும்பாலும் இதில்தான் சொல்கிறார்கள். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். நமக்குப் புரிகிற கணக்கு பவுன்தானே? எட்டு கிராம் பவுன் ஒன்றுக்கு ஏறக்குறைய 123 கிரெயின். அப்படியானால் 8.2 கிரெயின் ஏர் ரைஃபிள் குண்டு ஒரு பவுனில் பதினைந்தில் ஒரு பங்கு. ஒரு சின்ன மூக்குத்தி எடை.

பெரிய துப்பாக்கிகளின் கணக்கே வேறு. நம் நாட்டில் உரிமம் பெற்ற விவசாயிகளும் எஸ்டேட்காரர்களும் பல தலைமுறையாக வைத்திருந்தது .315 ரைஃபிள். அதன் குண்டு 244 கிரெயின். கிட்டத்தட்ட இரண்டு பவுன்! அந்தத் துப்பாக்கிக்காரருக்கு எடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இருந்ததில்லை. அரசுத் தொழிற்சாலை எதைச் செய்ததோ அதை வாங்கினார், அதையே சுட்டார்.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. குறைந்த விலையில் ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்கியவர் கடைக்குப் போனால், அவருடைய .30-06 துப்பாக்கி ஒன்றுக்கே 150, 165, 180 கிரெயின் என்று அலமாரி நிறையப் பெட்டிகள் இருக்கும். மானுக்கு இது, அதைவிடப் பெரிய விலங்குக்கு அது என்று அவர் யோசித்து எடுக்க வேண்டும். அனுபவசாலிகள் அவருக்குச் சொல்வது ஒன்றுதான்: இரண்டு மூன்று எடைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கு, சுட்டுப் பார், உன் துப்பாக்கி எதை ஏற்கிறதோ அதோடு நில். குழலுக்குள் திருகு போல வரிகள் வெட்டியிருப்பார்கள். குண்டைச் சுழல வைப்பவை அவைதாம். அந்தத் திருகு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்து, ஒரு குழலுக்கு ஒரு நீளமும் எடையும் ஒத்துவரும், இன்னொன்று ஒத்துவராது. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கிகள்கூட இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

நமக்குத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே இல்லாமல் போனதால்தான், ஏர் ரைஃபிளுக்கு ஏழெட்டு வகைக் குண்டுகள் கடையில் வந்த பிறகும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறோம் என்பது என் எண்ணம்.

யாரை வேட்டையாடப் போகிறோம்?

கடைக்காரர் சொன்ன 'வேட்டைக்கே போதும்' என்ற வார்த்தைக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். மயிலும் மானும் மட்டுமல்ல, மாமரத்தில் கொய்யும் பச்சைக்கிளியும் சட்டத்தின் காவலில் இருக்கிறது. பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுடுவதற்குக்கூட அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆகவே புனே அடுக்குமாடி வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு 'வேட்டைக் குண்டு' எதற்கு? மாடியிலிருந்து புறாவையோ அணிலையோ குறிபார்க்கிற பழக்கத்துக்குத்தான் அது வழிகாட்டும்.

பறவை அறிஞர் சாலிம் அலியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மும்பையில் சிறுவனாக இருந்தபோது தன் ஏர் கன்னால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு. அது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்க, மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் பையனைக் கடிந்துகொள்ளாமல், அலமாரி அலமாரியாகப் பறவைகளைக் காட்டினார். ஒரு வாழ்க்கையே திரும்பிவிட்டது. ஆனால் அது நூறாண்டுக்கு முந்தைய காலம். இன்றைய பிள்ளைக்குக் குருவியைப் பார்க்கக் கண்ணாடி வாங்கிக் கொடுப்போம்; சுடக் காகிதம் கொடுப்போம்.

காகிதம் என்று முடிவானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பத்து மீட்டர் தூரத்து அட்டைக்கு முனை தட்டையான குண்டுதான் வேண்டும். அது காகிதத்தை வட்டமாக வெட்டும். மதிப்பெண் பார்ப்பதில் சண்டை வராது. கூர் முனைக் குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும்; துளை எங்கே முடிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். எடையும் உலகப் போட்டிகளில் ஏறக்குறைய 7 முதல் 8.3 கிரெயினுக்குள் அடங்கிவிடுகிறது. பிஸ்டல்காரர்கள் பெரும்பாலும் 7 பக்கம், ரைஃபிள்காரர்கள் 8.2 பக்கம்.

எடை கூடினால் பலம் கூடுமா?

'கனமான குண்டு, ஜாஸ்தி பவர்' என்பது நம் மனத்தில் ஊறிப்போன நினைப்பு. ஸ்பிரிங் துப்பாக்கியில் அது செல்லாது. ஸ்பிரிங் கொடுக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே அளவு. கனம் கூடினால் வேகம் குறையும்; கனம் குறைந்தால் வேகம் கூடும். மிகக் கனமான குண்டைப் போட்டால் உள்ளே அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனையே திருப்பித் தள்ளி, குண்டு குழலை விட்டுப் போகும் முன் துப்பாக்கியை உதற வைக்கும். மிக லேசானதைப் போட்டால் தடுக்க ஆளில்லாமல் பிஸ்டன் முன்னே போய் மோதும். ஸ்பிரிங்கின் ஆயுள் குறையும். மாட்டு வண்டிக்குப் பாரம் ஏற்றுகிறவருக்கு இது தெரியும். அதிகமானாலும் குடை சாயும், வெறும் வண்டியானாலும் துள்ளும்.

ஒரு சிறு கணக்கு. துப்பாக்கி 12 ஜூல் சக்தி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8.2 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 213 மீட்டர் வேகத்தில் போகும். 10.5 கிரெயின் சுமார் 188 மீட்டரில்தான் போகும். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், பத்து மீட்டர் போவதற்குள் முதல் குண்டு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் கீழே இறங்கும், இரண்டாவது 14 மில்லிமீட்டர் இறங்கும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். இது பெரிதா என்று கேட்பீர்கள். பத்து மீட்டர் ரைஃபிள் அட்டையில் ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையே இருப்பது இரண்டரை மில்லிமீட்டர்தான்! பத்துக்குரிய நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர். எழுத்தில் நாம் வைக்கிற முற்றுப்புள்ளி அளவு. எடை மாறினால் ஒரு வட்டத்துக்கு மேல் போய்விட்டது.

ஆனால் இந்த இறக்கத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. எல்லாக் குண்டும் ஒரே மாதிரி இறங்கினால், துப்பாக்கியின் குறியைத் திருகி மேலே ஏற்றிவிடலாம். தீர்க்க முடியாத பிரச்சினை ஒரே டப்பாவுக்குள் எடை மாறுவதுதான். அப்போது எந்தக் குண்டுக்காகத் திருகுவது?

முற்றத்தில் ஒரு பரிசோதனை

மறுநாள் பேத்தியைக் கூப்பிட்டேன். "விடறதா இருந்தா விடு. ஆனா ஒரு வாரம் எனக்கு அசிஸ்டெண்டா இரு. அப்புறம் நீயே சொல்லு" என்றேன். அவளுக்கு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதுவது பிடிக்கும். ஒப்புக்கொண்டாள்.

தெரிந்த நகைக்கடைக்காரரிடம் மில்லிகிராம் காட்டும் தராசை இரவல் வாங்கினோம். கடையில் மூன்று புது டப்பாக்கள் வாங்கினோம்: விலை மலிந்த தட்டை முனை ஒன்று, 7 கிரெயின் போட்டி ரகம் ஒன்று, 8.2 கிரெயின் போட்டி ரகம் ஒன்று. ஏற்கெனவே இருந்த கூர் முனையோடு சேர்த்து நான்கு. ஒவ்வொன்றிலும் ஐம்பது குண்டுகளை எடை போட்டோம். மலிந்த டப்பாவில் 7.2-லிருந்து 8.4 வரை இஷ்டத்துக்கு மாறியது. சிலவற்றின் பின்பக்கப் பாவாடை நசுங்கியே இருந்தது. முன் சொன்ன அதே கணக்கைப் போட்டால், அந்த எடை மாற்றம் ஒன்றே துளையை ஒன்றரை மில்லிமீட்டர் மேலும் கீழும் நகர்த்தும். குழந்தை மூச்சை அடக்கி, அசையாமல் நின்று சுட்டாலும் அது நகரத்தான் செய்யும். போட்டி ரக டப்பாக்களில் எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

அடுத்து, குண்டைக் குழலில் வைத்துப் பார்த்தோம். விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் சிறு எதிர்ப்போடு உட்கார வேண்டும். தானாக உள்ளே விழுந்தால் தளர்ச்சி. கட்டை விரல் வலித்தால் இறுக்கம். நல்ல டப்பாக்களில் 4.49, 4.50 என்று தலையின் விட்டத்தையே அச்சிட்டிருப்பார்கள். அந்த நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கும் மரியாதை கொடுக்க வேண்டும்.

பிறகு பயிற்சிக் கூடத்தில், பயிற்சியாளரின் அனுமதியோடு, மணல் மூட்டைமேல் கையை வைத்து அந்தக் கைமேல் துப்பாக்கியைத் தளர்வாகத் தாங்கிச் சுட வைத்தேன். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் அதன் உதறல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். குண்டை மாற்றியதும் முதல் ஐந்தாறு துளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. குழல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஐந்து ஐந்தாக நான்கு அட்டை. ஒரே அட்டையைப் பார்த்து முடிவு செய்வது ஒரே பரீட்சையைப் பார்த்துப் பிள்ளையை முடிவு செய்வது போல. தூரத்துத் துளைகள் இரண்டுக்கும் இடையே வெர்னியரால் அளந்து சராசரி எடுத்தோம்.

கூர் முனை 10.5 கிரெயின்: 27 மில்லிமீட்டர். மலிந்த தட்டை முனை: 21. எட்டு புள்ளி இரண்டு போட்டி ரகம்: 13. ஏழு கிரெயின் போட்டி ரகம்: 9.

ஆக, உலக ரைஃபிள்காரர்கள் விரும்பும் 8.2 இல்லை, பிஸ்டல்காரர்களின் 7 கிரெயின்தான் எங்கள் பதினோராயிரம் ரூபாய்த் துப்பாக்கிக்குப் பிடித்திருந்தது! முப்பத்தைந்து ஆண்டு குண்டு பார்த்த நான் 8.2 என்றே பந்தயம் கட்டியிருப்பேன். பேத்தி நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்போ நான் இல்லையா தாத்தா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மூன்று மாதம் அந்தக் குழந்தை தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறது. நாங்கள் பெரியவர்கள் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

என் கருத்து

இப்போது சுருக்கமாக என் கருத்தைச் சொல்கிறேன். சிலர் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம்.

முதலாவது, துப்பாக்கிக்குச் செலவு செய்வதைச் சற்றுக் குறைத்து, குண்டுக்குச் செலவு செய்யுங்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக் கூடாது. ஆயிரக் கணக்கில் துப்பாக்கி வாங்குகிறோம். டப்பாவுக்கு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். அந்த இருநூறில்தான் பிள்ளையின் நம்பிக்கை தொலைகிறது.

இரண்டாவது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எது ஒத்துவந்தது என்பதைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அவன் துப்பாக்கி வேறு, உங்கள் துப்பாக்கி வேறு. ஜாதகம் மட்டும் ஆளுக்கு ஆள் தனியாகப் பார்க்கிற நாம், இதில் மட்டும் ஊருக்கே ஒரே பொருத்தம் போட்டுவிடுகிறோம். மூன்று எடை வாங்குங்கள், சுட்டுப் பாருங்கள், அளந்து எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்தபின் ஒரு வருடமாவது அதை மாற்றாதீர்கள்.

மூன்றாவது, பவர் மோகத்தை விடுங்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. அருகிலிருந்து பட்டால் கண் போகும். கடினமான சுவரில் பட்ட குண்டு திரும்பி வரும். பால்கனியும் மொட்டை மாடியும் சுடுகிற இடங்கள் அல்ல. ஒலிம்பிக் துப்பாக்கியே சுமார் ஏழெட்டு ஜூலுக்கு மேல் தேடுவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நான்காவது, தாய்மார்களுக்கு. குண்டு ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளைக்கும் நரம்புக்கும் கேடு. குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். சுட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை என் மருமகள்தான் வீட்டில் கொண்டு வந்தாள். இன்று அவளைவிடக் கண்டிப்பான மேற்பார்வையாளர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல ஆசை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். நம்மைப் போலவே ஊரை விட்டு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்கும்போது நம் பிள்ளைகளுக்கு ஒரு நிமிர்வு வருகிறது. எல்லோரும் இளவேனில் ஆகப் போவதில்லை. ஆனால் தன்னால் முடியுமா முடியாதா என்பதைத் தன் கையை வைத்துத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை உண்டு. தவறான குண்டை வைத்து அல்ல.

என் பேத்தி திரும்பப் போனாள். மாவட்டச் சாம்பியன் ஆகிவிட்டாள் என்று எழுத ஆசைதான், ஆகவில்லை. முதல் மாதத்தில் 72 வந்தது, இப்போது 81, 83 வருகிறது. ஒரு நாள் 69-உம் வந்தது. அன்று வீட்டுக்கு வந்தவள், "இன்னிக்கு நான்தான் தாத்தா, குண்டு இல்லை. மூச்சு சரியா விடலை" என்றாள். தன் தவறு எது, தன் தவறு அல்லாதது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையை இனி யார் வேண்டுமானாலும் எந்த விளையாட்டிலும் விடலாம். பாட்டு வகுப்பும் நடக்கிறது. அங்கே பழகிய மூச்சு இங்கே உதவுகிறது என்று மருமகளே சொல்கிறாள்.

கடைசியாக ஒரு யோசனை. நான்கு வகை டப்பா வாங்குவது ஒரு குடும்பத்துக்குச் சுமைதான். நம் சங்கத்தில் சுடப் பழகும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். ஆளுக்கு ஒரு வகை வாங்கி, ஐம்பது ஐம்பதாகப் பங்கு போட்டுக்கொண்டால் எல்லோரும் எல்லா எடையையும் சோதித்துவிடலாம். துப்பாக்கிகள் பயிற்சிக் கூடத்திலேயே இருக்கட்டும். சங்கத்துக்குக் குண்டு டப்பாக்களும் நோட்டுப் புத்தகங்களும் வந்தால் போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தராசையும் வெர்னியரையும் நான் கொண்டு வருகிறேன். கட்டம் போட்டு எழுத என் அசிஸ்டெண்டும் வருவாள்.